கிளிமீன்

சிம்மக்கல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருஷமாக
ஒரே வசனம் என்னுடையது:
"வாயை நல்லாத் திறங்க. மூக்கால மூச்சு விடுங்க."

கோசுமெல் தீவுக்கு அப்பால்
படகு விளிம்பில் என்னை உட்காரவைத்து
மீசை அரும்பாத ஒருவன்
அதையே தலைகீழாகச் சொன்னான்:
வாயால் கடி. மூக்கை மற.

ஊரிலேயே பழகித்தான் போயிருந்தேன்.
நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் கார்ப்பரேஷன் தண்ணீர்,
நீல டிரம், அதற்குள் முகம்.
கார்வண்ணன் கடிகாரம் பார்க்க, பதினொரு நொடி.
பிறகு அந்தத் தண்ணீரிலேயே பாத்திரம் கழுவினோம்.
முகம் மட்டும்தானே பட்டது.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல.
ஏழாம் மாடியில் தூங்கி
பன்னிரண்டாம் மாடியில் தயிர் தேடினோம்.
ஊறுகாய் பாட்டில் சூட்கேஸில் கசிந்து
கார்வண்ணனின் நீச்சல் கால்சட்டை
மாவடு வாசனையோடு கரீபியனில் இறங்கியது.
காலையில் ஜன்னலைத் திறந்தால் வேறொரு தீவு.
மாலை ஐந்துக்குள் ஏறாதவரை விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம்.
அந்தப் பயம் மட்டும்
பெரியார் பஸ் ஸ்டாண்டில் படித்தது.

மஞ்சள் ஜாக்கெட் மேலே பிடித்திருக்க
முகம் கீழே.
என் மூச்சே எனக்குக் கேட்டது,
பயந்துபோய் நாற்காலியில் சாய்ந்த யாரோ மாதிரி.
"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"
என்றேன் ரப்பருக்குள், எனக்கே.

அப்புறம் இன்னொன்று.
நறநற.

தண்ணீருக்குள் பல் கடிக்கிற சத்தம்.
எனக்குத் தெரியாததா அது?
பச்சையும் நீலமுமாய், முழங்கை நீளத்தில்,
பற்களெல்லாம் ஒட்டி ஒரே அலகாகி
பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது.
மேல்தாடை கீழ்த்தாடையோடு எங்கே பொருந்துகிறது
என்று பார்த்தேன். தொழில் புத்தி.
கிளிமீனாம்.
எங்கள் ஊர்க்காரிக்குக் கண் மீன், கையில் கிளி;
இரண்டையும் ஒன்றாக்கி இங்கே விட்டது யார் வேலை?

வாலைத் திருப்பி வெள்ளையாய் ஒரு புகை விட்டது.
மணல்.
மத்தியானம் துண்டு விரித்துப் படுத்தோமே,
கால்விரலால் அவர் என் பெயரைத் தப்பாக எழுதினாரே,
அந்தக் கரை
இதன் பல்லில் அரைபட்டு வயிற்றுவழி வந்ததாம்.
சொல்லிவிட்டுப் பையன் சிரித்தான்.
நான் வாடிப்பட்டி சோலைக்குமாரை நினைத்துக்கொண்டேன்.

லாரி ஓட்டுகிறவர். இரவில் மட்டும்.
என்ன லோடு என்று கேட்டதில்லை.
ஒருமுறை நாற்காலியில் சாய்ந்தபோது
மடித்துவிட்ட கால்சட்டையிலிருந்து கொட்டியது.
பெருக்கிய தவமணி சொன்னாள்: "ஆத்து மணலு டாக்டர்."
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்.
முப்பத்தெட்டு வயதுக்குள்
அறுபது வயது வாய்.

ஊர் திரும்பியபோது மூக்கு மட்டும் உரிந்திருந்தது.
பாலத்தின் மேல் ஆட்டோ நின்றது, சிக்னல்.
கீழே சீமைக்கருவேலம், எருமைகள், பள்ளம் பள்ளமாய் ஆறு.

அந்த வாரமே அவர் வந்தார்.
தூங்கும்போது கடித்துக்கொள்ள ஒரு கவசம்,
அதற்கு அச்சு எடுக்க வேண்டும்.
கலவை இறுக மூன்று நிமிடம், வாய் திறக்க முடியாது.
"மூக்கால மூச்சு விடுங்க" என்றேன்.
பிறகு மீனைப் பற்றிச் சொன்னேன்.
பாறையைக் கடிப்பது, மணலாய் விடுவது,
கரை முழுக்க அது செய்த வெள்ளை.
இமைக்காமல் கேட்டார்.

கொப்பளித்துத் துப்பி
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"அங்க யாரும் அள்ள மாட்டாங்களா, டாக்டர்?"

இல்லை என்றேன்.

வீட்டு அலமாரியில்
கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில்
ஒரு பிடி இருந்தது.